காய்ந்த சொட்டு

வெண்மதிக்குத் தான் முறுக்கிய எந்தக் குழாய் மூட்டின் மீதும் நம்பிக்கை இல்லை. கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க அவள் முதல்முறையாகப் பூட்டிய குழாய்களில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் சுற்றுகிறது. கசிகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரைப் போடாமல் பம்பை மட்டும் ஓட்டுகிறாள்; அது முனகிக்கொண்டு ஓடுகிறது. மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ விரித்திருக்கிறாள். குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தடவுகிறாள். விரலில் இருப்பது வியர்வையா, கசிவா? துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடியும் தடவுகிறாள். டிஷ்யூ மொரமொரவென்று காய்ந்தே கிடக்கிறது. அதுவும் சந்தேகமாக இருக்கிறது. எதிரே நிற்கும் ராஜகிரிப் பாறையின் அனல் ஜன்னலில் அடிக்கிறது. அந்த வெயிலில், காலையில் ஊற்றும்போது மேசையில் சிந்திய சொட்டு காய்ந்து வெள்ளையாக வளையம் கட்டியிருப்பது தெரிகிறது. நகத்தால் சுரண்டுகிறாள். உப்பு. பேட்டரித் தண்ணீர் காய்ந்தால் தடமே இருக்காதே. காலையில் தண்ணீர் ஊற்றிய கேன் மூலையில் நிற்கிறது; அதைப் பார்க்கிறாள்.

"நைனா, இந்தக் கேன்ல இருந்தது இன்னா தண்ணி?"

கூடத்தில் அப்பா தங்கராசு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருந்தத இன்வெர்ட்டருக்கு ஊத்திட்டேன். வெள்ளிக்கெழம அதுவுமா காலியா கெடக்குதேன்னு போர் தண்ணி புடிச்சி வச்சேன்."

உப்புத் தண்ணீரைக் கம்ப்யூட்டருக்குள் சுற்றவிட்டபடி பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த மூட்டிலும் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.