பச்சைத் துடுப்பு

பச்சைத் துடுப்பு அசையவே இல்லை.

"தம்பி, என் பொண்டாட்டி கால் ஆடலைப்பா! கொஞ்சம் பாருப்பா!" படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் கத்தினார். தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். கறுப்பு ரப்பர் உடுப்பு தலைவரை மூடியிருக்க, காலில் மாட்டிய பச்சைத் துடுப்பு மட்டும்தான் பளிச்சென்று தெரிந்தது.

படகுக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "மீன் பாக்கறவங்க அப்படித்தான் சார் கிடப்பாங்க. ஆடாம கிடங்கன்னு நாங்கதானே சொல்லி அனுப்பறோம்?"

மீன் என்றால் திமிங்கலச் சுறா. பஸ் நீளம், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. படகுக்கும் அவளுக்கும் நடுவில், வாயைத் திறந்தபடி சாவகாசமாகப் போய் வந்துகொண்டிருந்தது. யாரையும் ஒன்றும் செய்யாதாம்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவர் மனைவியிடம் கேட்காமல் இல்லை. "கல்யாணமானதுலேர்ந்து நீங்க தைச்ச சட்டைக்கு நான் பட்டன் வச்சேன். ஒரு தடவை நான் கூப்பிடற இடத்துக்கு நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டாள். நீச்சல் குளத்துக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டும் வந்திருந்தாள். கடல்தான் புதுசு.

கரையில் வாடகைக் கடையில் பச்சையைப் பார்த்துப் பொறுக்கியதும் அவள்தான். "மேலேயிருந்து பாக்க உங்களுக்கு அடையாளம் வேணும்ல?"

"கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறவன்டி நான். உன்னைத் தெரியாதா?"

படகு கிளம்பியதும் அவருக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்தபோது, முதுகுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. "குதிகாலைக் கடிக்குதும்மா." "இப்படிக் குடுங்கக்கா, எனக்குக் குருவிக் காலு." இரண்டாவது குரல் தனியாக வந்திருந்த நர்ஸுடையது. குதிப்பதற்கு முன்னால் அந்தப் பெண் தன் ஃபோனைப் படகுக்காரரிடம் நீட்டி, "அண்ணா, தலையைத் தூக்கிக் கையாட்டுவேன். டக்குனு ஒரு போட்டோ எடுத்துடுங்க" என்றாள்.

தையல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது படகு காலியாக இருந்தது.

"எஞ்சினைப் போடுப்பா. அவகிட்ட போ."

"மீன் இவ்வளவு கிட்ட இருக்கறப்ப எஞ்சினைத் தொடவே கூடாது சார். விசிறி பட்டா அதோட முதுகு கிழிஞ்சிடும்."

"அப்ப நீ குதி!"

"நான் குதிச்சா படகை நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடும். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. நீந்தவும் தெரியாது. அவருக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் தையல் மிஷின்தான்.

கூட வந்த வழிகாட்டிப் பையன், மீனுக்கு அந்தப் பக்கம் இருந்தான். புதுசாகக் கல்யாணமான ஜோடியை ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். படகுக்காரர் விசில் ஊதிப் பார்த்தார். காது தண்ணீருக்குள் இருக்கிறவர்களுக்கு எது கேட்கும்?

தூரத்தில், அலைக்கு மேலே ஒரு கறுப்புத் தலை எழும்பியது. கூடவே ஒரு கை. இப்படியும் அப்படியும் ஆடியது.

"நர்ஸம்மா போட்டோ கேக்கறாங்க." படகுக்காரர் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்.

கை மறுபடியும் ஆடியது.

"எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு!" தையல்காரர் எரிச்சலோடு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் பச்சைத் துடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பொண்ணு எப்படி ஆட்டம் போடுது பாரு. இவளும் ஒரு தடவை கையைத் தூக்கினா என்னவாம்?"

செருப்பைக் கழற்றி வீசினார். பாதித் தூரம்கூடப் போகாமல் அது மிதந்தது. இன்னொன்றையும் வீசினார். மீன் அதைச் சட்டைகூடப் பண்ணாமல் திரும்பி வந்தது.

"எழுந்திருடி. இனிமே எங்க கூப்பிட்டாலும் வர்றேன். எழுந்திருடி!"

கடைசியில் மீனுக்கே இரக்கம் வந்ததுபோல, வாலை ஒரு வீசு வீசி அடியாழத்துக்குப் போய்விட்டது. அது தூரம் போகும்வரை காத்திருந்து, படகுக்காரர் எஞ்சினைப் போட்டார். பக்கத்தில் போனதும் அணைத்துவிட்டு, மூங்கில் கழியால் மெல்லத் தொட்டார்.

பச்சைத் துடுப்பு துள்ளியது. கால் உதைத்தது. தலை நிமிர்ந்து, வாயில் கவ்விய மூச்சுக்குழாய் வழியாகப் புஸ்ஸென்று தண்ணீரைப் பீச்சியது. ஒரு கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

"பாத்தீங்களா சார்? குத்துக்கல்லாட்டம் இருக்காங்க! நான் சொல்லல?"

தையல்காரர் அழுதாரா சிரித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஏணியில் ஏறியவளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் படகுக்குள் உட்கார வைத்தார். "அடிப்பாவி, என்னைக் கொன்னுட்டியேடி. உள்ள அப்படி என்னதான் பாத்துக்கிட்டுக் கிடந்த?"

அவள் முகக்கண்ணாடியை மேலே தள்ளினாள். "என்னண்ணா, என்ன ஆச்சு?"

நர்ஸ். குருவிக் காலில் பச்சைத் துடுப்பு.

பிடித்த கையை விடாமலே தையல்காரர் தூரத்தைப் பார்த்தார். அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

"அப்ப அங்க கையாட்டினது யாரு?"