சாமி அறைச் சுவர்

அந்த ஒரு அறைதான் மிச்சம்.

அவள் அதன் வாசலில் நின்றாள். கையில் டார்ச். இன்னொரு கையில் குறிப்பேடு.

பின்னால் நின்றிருந்த சிக்கந்தர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இத விட்டுடலாம்மா. அவங்க சாமி இருக்கிற எடம்."

வீடு வாங்கப் போகிறவர் அவர்தான். இதற்குமுன் நான்கு முறை வந்து பார்த்திருக்கிறார். நான்கு முறையும் இந்த வாசலோடு நின்றுவிட்டார். மரியாதை தெரிந்தவர்கள் செய்கிற தவறு.

அவள் பல வீடுகளில் பார்த்திருக்கிறாள். இதே சாமியைக் கும்பிடுகிறவர்களும் இப்படித்தான். கும்பிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

கூப்பிய கையால் சுவரைத் தட்டிப் பார்க்க முடியாது.

"நீங்க வாங்கப்போறது சாமிய இல்ல சார். செவுத்த."

வீட்டுக்காரர் தணிகாசலம் சிரித்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நாளை காலை ஒப்பந்தம். சிக்கந்தர் இருபத்தாறு வருடம் வாடகை வீடுகளில் இருந்தவர். வாழ்நாளில் வாங்கப்போவது இந்த ஒரு வீடு. வாங்குமுன் கட்டடத்தைச் சோதித்துச் சொல்வதற்கும் ஆள் உண்டு என்று அவருக்கு மகள் சொல்லித்தான் தெரியும். அப்படி வந்தவள் இவள்.

அவள் உள்ளே போனாள்.

எதிர்ச்சுவரில் கூரை வரை பெரிய பெரிய படங்கள். சட்டத்தோடு சட்டம் இடிக்கும்படி நெருக்கமாக மாட்டியிருந்தது. நடுவில் ஒரு விரல் போக இடமில்லை.

மற்ற மூன்று சுவர்களிலும் ஒரு படம்கூட இல்லை.

அவள் மாடியில் அடி எண்ணி நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்திருந்தாள். இந்தச் சுவருக்கு நேர் மேலே குளியலறை.

சந்தேகம் இருந்தால் அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். சந்தேகம் தீர்ந்துவிட்டால் வாயால் கேட்டுவிடுவாள்.

"படத்தையெல்லாம் கழட்டணும்."

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார்.

"தலைக்குக் குளிச்சிட்டு வந்தீங்களாம்மா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கோபம் வரவில்லை. சரியான சுவருக்கு முன்னால் நிற்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும்.

"நான் தொடல சார். நீங்களே எறக்குங்க."

"நெனச்ச நேரத்துல சாமி படத்த எறக்க மாட்டோம்மா. நாள் பாக்கணும். வெள்ளிக்கிழம வேற."

"பாருங்க. அன்னிக்கு நான் வரேன். ஒப்பந்தம் அதுக்கப்புறம்."

அவர் சிக்கந்தரைப் பார்த்தார்.

சிக்கந்தர் தரையைப் பார்த்தார். ஆனால் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கின் சுடர் அசையாமல் நின்றது.

"இதுக்கு எதுக்கு நாளு? நான் எறக்குறேன்."

தணிகாசலத்தின் மனைவி குணவதி. சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள்.

"முட்டி வலிய வச்சிக்கிட்டு ஏறாத."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

இரண்டு வருடமாகப் பூ வைப்பது, படம் துடைப்பது எல்லாம் தணிகாசலம்தான். வேறு யாரும் அந்தச் சுவரைத் தொட்டதில்லை. அக்கம்பக்கத்தில் குணவதி இதைப் பெருமையாகச் சொல்வாள்.

குணவதி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

முதலில் முருகன்.

வாங்கிக்கொள்ள ஆள் தேடித் திரும்பினாள். தணிகாசலம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

சிக்கந்தர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

குணவதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு கொடுத்தாள்.

அவர் படத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். கால் படாத இடமாகத் தேடி, கூடத்து மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து அடுத்ததற்குக் கை நீட்டினார்.

ஐந்து படங்கள். ஐந்தின் முதுகிலும் வெள்ளையாகப் பூஞ்சை.

படங்களுக்குப் பின்னால் சுவர் தெரியவில்லை. நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். படங்கள் மறைக்கும் அளவுக்குச் சரியாக வெட்டி, நான்கு ஓரமும் ஆணி அடித்திருந்தது.

குணவதி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள்.

பூச்சு பொத்தென்று விழுந்தது. கறுத்த ஈரம். கூரையிலிருந்து துருவின் கோடு ஒன்று இறங்கி வந்திருந்தது.

சோதிக்க வந்தவள் சுவரில் விரலை வைத்து அழுத்தினாள். நகம் வரை உள்ளே போனது.

"மேல குளியலறைத் தண்ணி, சார். கான்கிரீட் கம்பி வரைக்கும் போயிருக்கு."

சிக்கந்தர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாகத் தெரிந்தது. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவர்போல.

தணிகாசலம் அவருடைய தோளைத் தொட்டார்.

"வெலைல பாத்துக்கலாம் பாய்."

குணவதி ஸ்டூலிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே இடைவெளி. அந்த வீட்டில் அப்படி அளந்து ஆணி அடிக்கிறவர் ஒருவர்தான்.

நீண்ட நேரம் பார்த்தாள்.

"சாமிய நிக்க வச்சா மறைச்சீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். உள்ளங்கையில் ஒட்டிய ஈரச் சுண்ணாம்பைத் துடைக்கவில்லை.

குறிப்பேட்டைக் கை காட்டிக் கேட்டாள்.

"சமையக்கட்டுக்கு என்னன்னு எழுதியிருக்கீங்க?"

சோதிக்க வந்தவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"சரின்னு எழுதியிருக்கேன்மா."

"அத அடிச்சிடுங்க."

குணவதி சமையலறைக்குள் போனாள்.

சிக்கந்தரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. எப்போதும் கூப்பிடுகிற அதே குரல்.

"ஏங்க, வந்து செவுத்த ஒட்டியிருக்கற இந்த அரிசி டிரம்ம ஒரு கை புடிங்க."