யாளி விழிக்கும் காட்சி

பெருங்களத்தூர் ஃபிளாட்டில் மாலை வெயில் நுழையாதபடி திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த மாயாஜாலப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க் ஓடுகிறது. யூடியூபில் இப்படிப்பட்ட டிஸ்க்குகளை விமர்சிப்பவன் டெனிஸ். இந்த டிஸ்க்குக்கு வண்ணம் சரிசெய்த ஸ்டெபின், டெனிஸின் தங்கை கணவன், சோபாவில் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். குகைக்குள் யாளி விழிக்கிறது. தியேட்டரில் இழையிழையாக மின்னிய பிடரி மயிர் இங்கே வெறும் கறுப்பு. ஸ்டெபின் திரையைப் பார்க்கவில்லை; டெனிஸின் முகத்தையே பார்க்கிறான். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் நகராத பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. தங்கை ஜெரூஷா டீயோடு வந்து வாசலை மறித்து நிற்கிறாள். "எப்டிண்ணா இருக்கு? இதுக்காக இவரு சரியா தூங்கவே இல்ல." டெனிஸ் டம்ளரை வாங்கி, சூடு ஆறும் முன்பே ஒரு வாய் விழுங்குகிறான். நாக்கு எரிகிறது. "சவுண்டு பிரமாதம்," என்கிறான். ஸ்டெபின் மெல்லச் சொல்கிறான்: "சவுண்டு நான் பண்ணல மச்சான்."