ஆறு மாச வைத்தியம்

தையல் கடை வாசலில் நின்ற நிழல்மரத்தில் வெட்டுக்குறி போட, நகராட்சி மர ஆய்வாளர் சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்ததுதான் தாமதம். கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்து மரத்தை மறித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி.

“வெட்டிடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“பட்டையெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும்மா. விட்டா தெரு முழுக்கப் பரவிடும்.”

“வைத்தியமே இல்லையா?”

“இருக்கு. ஆறு மாசத்துக்கு வாரா வாரம் வேர்ல மருந்து ஊத்தணும். எங்ககிட்ட அதுக்கு ஆள் இல்ல.”

“நான் ஊத்துறேன் சார்.”

“ஒரு வாரம் தவறினாலும் வெட்டிடுவோம். எழுதிக் குடுப்பீங்களா?”

“எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க. இலையெல்லாம் பழையபடி அடர்த்தியா வந்துடுமா சார்?”

“முன்னைவிட அடர்த்தியாவே வரும்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஆய்வாளர் டப்பாவை மூடிவிட்டு, உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லம்மா. கடைக்காரங்க எல்லாரும் போர்டை மறைக்குது, வெட்டுங்கன்னுதான் மனு குடுப்பாங்க. இந்த மரம் இப்பவே உங்க போர்டுல பாதியை மறைக்குது, தழைச்சா ஒரு எழுத்துகூட வெளிய தெரியாது. அப்படியும் அதுக்காக இவ்வளவு துடிக்கிறீங்களே!”

“என் கடை எதிர்ல இருக்கு சார்,” என்றாள் அவள், கையெழுத்துப் போட்டபடியே. “இது போன மாசம் எனக்குப் போட்டியா என் நாத்தனார் திறந்த கடை.”