ஏழாவது பெயர்

குன்னத்துகால் கம்ப்யூட்டர் சென்டரில் தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தொண்ணூற்றெட்டில் ஒரு மதியம், வகுப்பிலிருந்த ஆறு பேரின் பெயரையும் காட்ட அவர்களில் ஒருவனான அனூப் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். ஏழாவதாக ‘ஜாஸ்மின்’ என்று வந்தது. வகுப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

“பேர எடுத்துக் காட்டுற லூப் ஒருக்கா கூடுதலா ஓடுது மக்கா. புதுசா படிக்கவங்களுக்கு வாற தப்பாக்கும்,” என்று ஷீபா டீச்சர் திருத்திக் கொடுத்தாள். ஜாஸ்மின் என்ற பெயர் திரையிலிருந்து போகவில்லை.

“இந்தப் பேர ஆரு அடிச்சது?”

“சத்தியமா நானில்ல டீச்சரே.”

ஷீபா பெயர்ப் பட்டியலையே அழித்துவிட்டு ஓட்டினாள். ஜாஸ்மின் மட்டும் வந்தது.

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினாள். ஒருவரும் வெறுங்காலோடு போகவில்லை. கதவைப் பூட்டித் திரும்பினாள். வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. பக்கத்தில் சேறு காயாமல் இன்னொரு ஜோடி.