கீரியின் புலம்பல்

காட்டில் தலைவர் தேர்தல் வந்தது. வேட்பாளருக்காகச் செலவு செய்கிறவர் அந்த வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது என்று தேர்தல் அதிகாரியான ஆமை சட்டம் போட்டிருந்தது.

கீரி வேட்பாளர். வசதியான மந்தி ஒன்று அதன் அபிமானி. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் கீரி தினமும் மந்தி குடியிருந்த மரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே புலம்பும்.

"முயல்கள் ஓட்டுதான் இழுபறி. யாராவது கேரட் கொடுத்தால் தேவலை."

மறுநாள் வளைக்கு வளை கேரட் கிடக்கும்.

ஆமை இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது.

"புலம்புவது குற்றமா ஐயா?" என்றது கீரி.

"காது கேட்பது குற்றமா ஐயா?" என்றது மந்தி.

ஆமை இருவரையும் அனுப்பிவைத்தது. அன்று மாலை அதுவும் அதே மரத்தடியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பாவம் கீரி. முயல்களுக்குப் பாகற்காய் என்றால் உயிர், அது தெரியவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

விடிந்ததும் முயல்கள் காறித் துப்பிக்கொண்டே கீரியின் வாசலில் கூடிவிட்டன. கீரி மரத்தடிக்கு ஓடியது.

"பாகற்காய் கொடுக்கச் சொல்லி நான் எப்போதடா சொன்னேன்? நான் கேட்டது கேரட்தானே!" என்று மந்தியைப் பார்த்துக் கத்தியது.

பக்கத்தில் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஆமை மெல்லத் தலையை நீட்டி, "இப்போது பேசிவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, வேட்பாளர் பட்டியலிலிருந்து கீரியின் பெயரை அடித்தது.