இரண்டாவது ஏரி

அது இரண்டாவது ஏரியா மூன்றாவதா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. எழுபத்தெட்டாம் வருஷத்து மழை மட்டும் நிச்சயம். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கிலிருந்து பதினான்கு பேர், மலைமேல் இருக்கும் ஏரிகளைப் பார்க்க வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறோம். குடை காற்றில் நிற்கவில்லை. எல்லோரும் கிடங்குச் சாக்கை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்திருக்கிறோம். எல்லா முதுகிலும் ஒரே நீல முத்திரை. நனைந்த சணலிலிருந்து மிளகு வாசம் எழுகிறது. "மேலே சாயாக்கடை உண்டோடா?" என்று வீரபாண்டி கத்துகிறான். "உண்டு, ஏரியிலே மீனு சாயா ஆத்துது!" என்கிறது ஒரு குரல். சிரிப்பு மஞ்சில் கரைகிறது. கிடங்கில் எனக்கு எதிரில் உட்கார்ந்து மிளகு பொறுக்கும் பேச்சியம்மாளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கேட்டுவிட வேண்டும். ஏரிக்கரையில் தனியாக நிற்கும் சாக்கு அவள்தான் என்று பின்னால் போய் நிற்கிறேன். "உனக்குச் சம்மதம்னா நான் உங்க அண்ணன்கிட்ட பேசறேன்." சாக்கு திரும்புகிறது. பேச்சியம்மாள் இல்லை; கிடங்கில் அவள் பக்கத்தில் உட்காரும் சீனியம்மாள். மழை வழியும் முகத்தில் ஒரு கணம் முழுச் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். "ஆளு மாறிப்போச்சு, அல்லே சேட்டா? பேச்சி முன்னால போறா. ஓடினா பிடிக்கலாம்." நான் ஓடவில்லை. தண்ணீரில் மழை விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பேச்சியம்மாள் தோப்பும்படிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சீனியம்மாள் சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பிவிட்டாள். அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீரபாண்டி இறந்துவிட்டான். நான் அதே கிடங்கில் இருக்கிறேன்.